நெபுலாவில் சி60 இருக்கிறதா? அகச்சிவப்பு நிறமாலையை வைத்து முடிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர்க் கல்லூரிகளில் முதுகலை இயற்பியலோ வேதியியலோ படித்துக்கொண்டு, புராஜெக்டுக்கு வானியல் தலைப்பு தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் கூடிய மூலக்கூறு சி60. ஒரு நெபுலாவின் அகச்சிவப்பு நிறமாலையில் அது இருக்கிறதா, இல்லையா என்று மற்றவர் சொல்லை நம்பாமல் நீங்களே தீர்மானிக்க வேண்டும். அதுதான் வேலை.

தொலைநோக்கி தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் மேகம் வானத்தை மாதக்கணக்கில் மூடினாலும் கவலை இல்லை. தரவு ஏற்கெனவே எடுக்கப்பட்டு, இலவசமாகக் கிடைக்கிறது. தடுமாற்றம் எல்லாம் படிகளின் வரிசையில்தான் வருகிறது. பெரும்பாலான புதியவர்கள் ஏழாவது படியில் தொடங்கி, சிக்கிக்கொண்ட பிறகு இரண்டாவது படிக்குத் திரும்புகிறார்கள்.

1. எந்த மூலக்கூறு, எந்த வழி என்பதை முதலில் தீர்மானியுங்கள்

பெரிய கார்பன் மூலக்கூறுகளை விண்வெளியில் அடையாளம் காண மூன்று வழிகள் உள்ளன. மூலக்கூறு சுழல்வதால் வரும் ரேடியோ கோடுகள், அதிர்வதால் வரும் அகச்சிவப்புப் பட்டைகள், எலக்ட்ரான்கள் நிலை மாறுவதால் வரும் உட்கவர் பட்டைகள். எதை எடுப்பது என்பதை மூலக்கூறின் வடிவமே சொல்லிவிடும்.

ரேடியோ வழிக்கு இருமுனைத் திருப்புத்திறன் வேண்டும். பென்சோநைட்ரைலுக்கு அது தாராளமாக உண்டு. அதனால்தான் டிஎம்சி-1 என்ற குளிர்ந்த மேகத்தில் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியால் அதைப் பிடிக்க முடிந்தது. முடிவு 2018இல் வெளியானது. சி60 முழுச் சமச்சீர் உடையது, இருமுனைத் திருப்புத்திறன் சுழியம். ரேடியோவில் அதைத் தேடுவது வீண்.

உட்கவர் வழியில் ஓர் எலக்ட்ரானை இழந்த சி60 அயனி 9577, 9632 ஆங்ஸ்ட்ராம் அருகே பட்டைகள் தருகிறது. ஆனால் அதே இடத்தில் பூமியின் காற்றிலுள்ள நீராவியும் நிறைய கோடுகள் போடுகிறது. நம் கடற்கரை ஈரக்காற்றில் இதை முயல்வதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். வறண்ட மலையுச்சிகளிலும் இது தலைவலிதான். ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டு 2019இல் இதை உறுதிப்படுத்தியதற்குக் காரணமும் அதுவே.

ஆகவே அகச்சிவப்பு. இங்கும் ஒரு தேர்வு உண்டு. 3.3, 6.2, 7.7, 8.6, 11.3 மைக்ரானில் வரும் புகழ்பெற்ற பட்டைகள் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களுடையவை. பென்சீன் வளையங்கள் பல ஒட்டிக்கொண்ட இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் கார்பன்–ஹைட்ரஜன், கார்பன்–கார்பன் பிணைப்புகள் பொது என்பதால் பட்டைகளும் பொது. குடும்பம் இருக்கிறது என்று சொல்லலாம். உறுப்பினரின் பெயரைச் சொல்ல முடியாது. ‘இது கொரோனீன்தான்’ என்று அகச்சிவப்பை மட்டும் வைத்து எழுதிக்கொண்டு வரும் மாணவரை நான் பணிவாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சி60 அப்படியல்ல. அதற்கு 174 அதிர்வு முறைகள். சமச்சீரால் அவை 46 தனித்தனி அதிர்வெண்களாகச் சுருங்குகின்றன. அவற்றில் நான்கே நான்கு அகச்சிவப்பில் வெளிப்படும். நான்கு பட்டைகளும் ஒருசேர நிற்கிறதா என்று பார்க்கலாம். முதல் புராஜெக்டுக்கு இதைவிட வசதியான மூலக்கூறு எனக்குத் தெரியவில்லை.

2. தரவைத் திறப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். நான் சொல்லித்தரும்போது இந்தப் பக்கம் இல்லாமல் கோப்பைத் திறக்க விடுவதில்லை. காரணம் எளிது: நிறமாலையை ஒருமுறை பார்த்துவிட்டால், கண் தனக்குப் பிடித்த மேட்டுக்குத் தக்கபடி எல்லையை நகர்த்திக்கொள்ளும்.

பக்கத்தின் இடப்புறம் சி60 பட்டைகள். ஆய்வகத்தில் சுமார் ஆயிரம் கெல்வினுக்குச் சூடாக்கிய வாயுவில் அலையெண்கள் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்பது) ஏறத்தாழ 527, 570, 1169, 1407. பத்தாயிரத்தை அலையெண்ணால் வகுத்தால் மைக்ரான் கிடைக்கும்: 18.97, 17.5, 8.55, 7.11. திடநிலைப் படலத்தில் 526, 576, 1183, 1429, அதாவது 19.0, 17.4, 8.45, 7.0. வெப்பம் கூடக்கூடப் பட்டை நீண்ட அலைநீளம் நோக்கி நகரும் என்பதால், நெபுலாவில் இந்த இரண்டு தொகுதிகளுக்கும் நடுவில் எங்கும் வரலாம். ஆகவே ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள், 6.95–7.15, 8.4–8.6, 17.3–17.6, 18.8–19.05 என்று வரம்பாக எழுதுங்கள்.

வலப்புறம் எதிரிகள். ஒவ்வொரு வரம்புக்குள்ளும் பக்கத்திலும் வேறு யார் வரக்கூடும்?

- 7.0 அருகே: ஒருமுறை அயனியான ஆர்கான் 6.985, ஹைட்ரஜன் மூலக்கூறு 6.91.
- 8.5 அருகே: நறுமண ஹைட்ரோகார்பன்களின் 8.6 பட்டை, சற்றுத் தள்ளி இருமுறை அயனியான ஆர்கான் 8.99.
- 17.4 அருகே: நறுமண ஹைட்ரோகார்பன்களின் சொந்த 17.4 பட்டை, கூடவே 16.4, ஹைட்ரஜன் மூலக்கூறு 17.03.
- 18.9 அருகே: இருமுறை அயனியான கந்தகம் 18.71, எழுபது கார்பன் அணுக்கள் கொண்ட சி70 இருந்தால் அதன் பங்கும்.

நான்கு வரம்புகளில் ஒன்றுகூடத் தனியாக நின்று சாட்சி சொல்லத் தகுதியுடையது அல்ல. இந்தப் பக்கத்தை எழுதி முடித்தவருக்கு அது தானாகவே விளங்கிவிடும்.

3. கையில் இருக்க வேண்டியவை

சாதாரண லேப்டாப் போதும். பைத்தான், அதோடு நம்பை, மேட்பிளாட்லிப், ஆஸ்ட்ரோபை. காஸ் வளைவரையைத் தரவோடு பொருத்தத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதல் வாரம் அதற்கே போகட்டும். ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், நிறமாலையை அச்செடுக்க ஒரு ஜெராக்ஸ் கடை. பென்சில் எதற்கு என்பது ஏழாவது படியில்.

4. தரவை இறக்குவதும் அலகை மாற்றுவதும்

முதல் இலக்காக டிசி-1 என்ற கோள் நெபுலாவை, அதாவது முதிர்ந்த விண்மீன் உதறிய வாயு மேகத்தை, எடுங்கள். தென்வானில் ஆரா விண்மீன் குழுவில் இருக்கிறது. ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலைமானியில் இதன் சி60 பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. 2010இல் வெளியான கண்டுபிடிப்பும் இதைப் பற்றியதே. விடை தெரிந்த கணக்கில் கையைப் பழக்கிக்கொண்டால்தான் விடை தெரியாததில் உங்கள் முறையை நம்ப முடியும்.

ஸ்பிட்சர் ஹெரிடேஜ் ஆர்க்கைவில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான காசிஸ் தொகுப்பில் நிறமாலைகள் ஏற்கெனவே பிரித்தெடுக்கப்பட்டு அட்டவணையாகவே கிடைக்கின்றன. கோப்பு மிகச் சிறியது. கடலூர் பஸ் அரியாங்குப்பத்து நெரிசலில் நிற்கும் நேரத்தில் போனிலேயே இறங்கிவிடும். ஜேம்ஸ் வெப் தரவுகளோ பிரம்மாண்டமானவை. முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

அட்டவணையில் அலைநீளம், பாய்வு, பிழை என மூன்று நிரல்கள் முக்கியம். பாய்வு ஜான்ஸ்கியில் இருக்கும். அதை அப்படியே வைத்து மைக்ரான் அச்சில் பட்டையின் பரப்பை அளக்கக் கூடாது. ஜான்ஸ்கி என்பது ஓர் அதிர்வெண் அலகுக்கு எவ்வளவு ஆற்றல் என்பது. மைக்ரான் அச்சில் பரப்பு வேண்டுமென்றால் ஓர் அலைநீள அலகுக்கு எவ்வளவு என்று மாற்ற வேண்டும். ஜான்ஸ்கி மதிப்பை 3×10⁻¹² ஆல் பெருக்கி, மைக்ரானில் உள்ள அலைநீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மைக்ரானுக்கு இத்தனை வாட் என்று வரும்.

இதை மறந்தால் என்ன ஆகும்? 18.9ஐ 7.0ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 7.3. இரண்டு பட்டைகளின் விகிதம் ஏழு மடங்குக்கு மேல் தவறும். படம் அழகாகவே இருக்கும், பொருத்தமும் நன்றாகவே வரும். எட்டாவது படியில் வெப்பநிலை மட்டும் அபத்தமாக வந்து நிற்கும். அப்போது மாணவர்கள் இயற்பியலில் குறை தேடுவார்கள். குறை அலகில் இருக்கும்.

5. துண்டுகளை ஒட்டுதல்

ஸ்பிட்சர் முழு நிறமாலையையும் ஒரே மூச்சில் எடுக்கவில்லை. குறைந்த பிரிதிறன் கொண்ட குறு அலைப்பகுதி சுமார் 5.2 முதல் 14.5 மைக்ரான், உயர் பிரிதிறன் பகுதிகள் 9.9–19.6 மற்றும் 18.7–37.2. ஒவ்வொன்றின் பிளவும் வேறு அகலம். நெபுலா பிளவைவிடப் பெரிதாக இருந்தால் அகலமான பிளவுக்கு அதிக ஒளி கிடைக்கும். சந்திப்பில் படிக்கட்டு விழும்.

வழக்கமான வைத்தியம், இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் ஒப்பிட்டு ஒன்றை ஓர் எண்ணால் பெருக்குவது. ஆனால் கடைசி இரண்டு துண்டுகள் எங்கே மேற்படிகின்றன என்று பாருங்கள்: 18.7 முதல் 19.6 வரை. நாம் தேடும் 18.9 பட்டை நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும் இடம் அது! தூசியின் ஒளியும் சி60 ஒளியும் நெபுலாவில் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டையின் மேல் வைத்துப் பெருக்கெண் கண்டால் அந்தப் பட்டையின் உயரத்தையே வளைத்துவிடுவீர்கள். 19.3க்கு மேல், பட்டை அடங்கிய பிறகு உள்ள சிறு பகுதியை மட்டும் வைத்து ஒட்டுங்கள். 18.9 பட்டையின் அளவை ஒரே துண்டிலிருந்து, அதாவது குறு அலை உயர் பிரிதிறன் பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள்.

6. அணுக் கோடுகளை முதலில் வெளியேற்றுங்கள்

நம் கல்லூரி ஆய்வகங்களில் எல்லோரும் பாதரச விளக்கையும் கிரேட்டிங்கையும் வைத்து 5461 ஆங்ஸ்ட்ராம் பச்சைக் கோட்டை அளந்துவிட்டு வருகிறோம். கூர்மையான கோடு என்றால் ஒரு பொருள் என்று கண் பழகிவிட்டது. அதனால் நிறமாலையில் எது கூர்மையாக எழுந்து நிற்கிறதோ அதையே மாணவர்கள் முதலில் வட்டமிடுகிறார்கள். டிசி-1 படத்தில் 18.71இல் ஈட்டிபோல் நிற்கும் கந்தகக் கோட்டுக்குச் சிவப்பு மையில் ‘சி60’ என்று எழுதி வந்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஈட்டிக்கு வலப்பக்கம், அதைவிடக் குட்டையாக, தடித்த ஒரு மேடு 18.9இல் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நாம் தேடி வந்தது அந்த மேடுதான்.

சோதனை அகலத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியின் பிரிதிறன் சுமார் 600. அப்படியென்றால் 18.7 மைக்ரானில் கருவி காட்டக்கூடிய மிகக் குறைந்த அகலம் 18.7ஐ 600ஆல் வகுத்தது: 0.03 மைக்ரான். அணுக் கோடு இந்த அகலத்தில்தான் இருக்கும். சி60 பட்டை அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு அகலமானது. வரையறுக்கப்பட்ட கருவி அகலத்தோடு ஒரு காஸ் வளைவரையைக் கோட்டின்மேல் பொருத்திக் கழித்துவிடுங்கள், மேடு மிஞ்சும்.

7.0இல் இவ்வளவு எளிதாக விடாது. அங்கே கையில் இருப்பது குறைந்த பிரிதிறன் தரவு. கருவியின் அகலமே 0.06 முதல் 0.07 மைக்ரான். 6.985இல் ஆர்கானும் 7.0இல் சி60உம் ஒன்றோடொன்று கரைந்து ஒரே மேடாகத் தெரியும். இங்கே இரண்டு கூறுகளைச் சேர்த்தே பொருத்த வேண்டும்: ஆர்கானுக்கு நடுவிடமும் அகலமும் பூட்டப்பட்ட ஒன்று, சி60க்கு இரண்டும் திறந்த ஒன்று. எல்லாவற்றையும் திறந்து விட்டால் கணினி தனக்கு இஷ்டமான கலவையைத் தரும். பூட்டிய பிறகும் ஆர்கானின் பங்கு பெரிய பிழையோடுதான் வரும். அந்தப் பிழையை மறைக்காமல் 7.0 பட்டையின் அளவோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். சிறிய பிழைக்கோடு போட்டுப் படத்தை அழகாக்குவது இந்த இடத்தில் பொய் சொல்வதற்குச் சமம்.

ஏன் இந்தப் படி தொடர்ச்சியை, அதாவது பட்டைகளுக்கு அடியிலுள்ள வழுவழுப்பான ஒளியை, கழிப்பதற்கு முன்பே வர வேண்டும்? கோடுகள் இருக்கும்போது தொடர்ச்சி பொருத்தினால், மென்பொருள் கோட்டின் அடிவாரத்தைப் பார்த்துத் தளத்தை மேலே தூக்கிவிடும். அகன்ற மேடு அதில் பாதி கரைந்துபோகும்.

7. தொடர்ச்சியைக் கழித்தல்

பட்டைகளுக்கு அடியில் வெப்பத் தூசியின் வழுவழுப்பான ஒளி இருக்கிறது. அதைக் கழித்தால்தான் பட்டையின் பரப்பு தெரியும். எங்கே தளம், எங்கே பட்டை என்று சொல்வது மனிதத் தீர்ப்பு. அதை உடனே மென்பொருளிடம் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அச்செடுத்த தாளில் முதலில் பென்சிலால் வரையுங்கள். பட்டைக்கு இருபுறமும் எந்தப் புள்ளிகளை நம்புகிறீர்கள் என்பது கைக்குத் தெரிய வேண்டும். டிசி-1இல் 11 முதல் 13 மைக்ரான் வரை ஒரு பரந்த மேடு உண்டு. அதைத் தளம் என்று எடுத்துக்கொண்டு 8.5 பட்டையை விழுங்கியவர்கள் உண்டு.

பிறகு அதே நங்கூரப் புள்ளிகளைக் கணினிக்குக் கொடுங்கள். நேர்கோடு, தாழ்ந்த படியுள்ள பல்லுறுப்புக் கோவை, ஸ்ப்லைன் என மூன்று வகையிலும் செய்யுங்கள். மூன்றிலும் வரும் பரப்புகளின் வேறுபாடுதான் உங்கள் உண்மையான பிழை. காசிஸ் அட்டவணையின் பிழை நிரல் இதைச் சொல்லாது. பெரும்பாலும் இதுவே அதைவிடப் பெரிது.

8. நான்கையும் சேர்த்து விசாரித்தல்

இடம் பொருந்துவது பாதி வேலை. நான்கு பட்டைகளின் பலமும் ஒரே மூலக்கூற்றிலிருந்து வர முடியுமா என்பது மீதி.

ஒவ்வொரு பட்டைக்கும் மேல் நிலையின் ஆற்றலைக் கெல்வினில் எழுதுங்கள், அலையெண்ணை 1.4388ஆல் பெருக்கினால் போதும். 18.9க்கு 758, 17.4க்கு 820, 8.5க்கு 1682, 7.0க்கு 2024. அளந்த ஒவ்வொரு பரப்பையும் அந்தப் பட்டையின் ஆய்வகப் பலத்தாலும் (ஐன்ஸ்டீன் ஏ குணகம்) அலையெண்ணாலும் வகுத்து, மடக்கை எடுத்து, இந்த ஆற்றலுக்கு எதிராகக் குறியுங்கள். வெப்பச் சமநிலை இருந்தால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழும். சாய்விலிருந்து வெப்பநிலை வரும். டிசி-1க்கு வெளியான மதிப்பு சுமார் 330 கெல்வின். ஆய்வகப் பலங்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன என்பதால் ஒரே தொகுதியை எடுத்து, எது என்று எழுதிவிடுங்கள். இரண்டு தொகுதிகளைக் கலக்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 758உம் 820உம் அருகருகே இருக்கின்றன. ஆகவே 17.4க்கும் 18.9க்கும் உள்ள விகிதம் வெப்பநிலையைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. 200 கெல்வினிலிருந்து 1000க்குப் போனாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மாறும். 7.0க்கும் 18.9க்கும் உள்ள விகிதமோ அதே இடைவெளியில் நூறு மடங்குக்கு மேல் மாறுகிறது. எனவே இரண்டு விகிதங்களுக்கும் இரண்டு வேலை. இரண்டாவது, வெப்பமானி. முதலாவது, கலப்படச் சோதனை: 17.4 பட்டை அளவுக்கு மீறிப் பலமாக இருந்தால் அதற்கு வெப்பத்தைக் காரணம் காட்ட முடியாது. நறுமண ஹைட்ரோகார்பன் கலந்திருக்கிறது என்று பொருள், அப்படியானால் 16.4இலும் ஒரு பட்டை இருக்க வேண்டும். போய்ப் பாருங்கள்.

வெப்பச் சமநிலை என்பது ஓர் அனுமானம் என்பதையும் மறக்க வேண்டாம். தனி மூலக்கூறு ஒன்று ஒரு புற ஊதாத் துகளை விழுங்கி, சூடாகி, குளிரும்போது அகச்சிவப்பை உமிழலாம். அப்போது ஒரே வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால் உடனே ‘சி60 இல்லை’ என்று எழுதாதீர்கள்; இரண்டு மாதிரிகளையும் பொருத்திப் பார்த்து, எது எவ்வளவு விலகுகிறது என்று எழுதுங்கள்.

9. உங்கள் முடிவை நீங்களே கவிழ்க்கப் பாருங்கள்

சி60 இல்லாத நிறமாலை ஒன்றிலும், வெறும் இரைச்சலிலும் அதே கணினி நிரலை ஓட்டுங்கள். அங்கேயும் ‘இருக்கிறது’ என்றால் நிரல் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லும் நிரல். பிறகு எதிர்த்திசையில்: தெரிந்த பலத்தோடு செயற்கைப் பட்டைகளைச் சேர்த்து, எவ்வளவு பலவீனமாகும் வரை அவற்றை மீட்க முடிகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கண்டறியும் எல்லை.

சி70ஐயும் தேடுங்கள். அதற்கு 14.9, 15.6, 21.8 மைக்ரான் அருகே பலவீனமான பட்டைகள் உண்டு. 15.6க்குப் பக்கத்தில் 15.55இல் நியான் கோடு இருக்கிறது, எச்சரிக்கை.

10. எழுதும்போது

நான்கு பட்டைகளும் வரம்புக்குள், மூன்று சிக்மாவுக்கு (பிழையின் மூன்று மடங்குக்கு) மேல், விகிதங்கள் பொருந்தினால் மட்டுமே ‘கண்டறியப்பட்டது’. 17.4உம் 18.9உம் மட்டும் கிடைத்தால் ‘சி60உடன் ஒத்துப்போகிறது’. ஒன்றே ஒன்று என்றால் அந்தப் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள். உள்ளே ஒரு வரி போதும்.

11. அடுத்த இலக்கு

டிசி-1 முடிந்ததும் என்ஜிசி 7023க்குப் போங்கள். அது ஒளியைப் பிரதிபலிக்கும் நெபுலா; அங்கே எதிரிகளின் பட்டியல் தலைகீழாகிறது. ஆர்கானிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 15.76 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், ஹைட்ரஜனுக்கே 13.6. ஹைட்ரஜன் அயனியாகாத அந்தச் சூழலில் ஆர்கான் அயனியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆகவே டிசி-1இல் உங்களைப் படுத்திய 7.0 பட்டையில் ஆர்கான் தொல்லை இங்கே இல்லை. மாறாக, நறுமண ஹைட்ரோகார்பன்கள் நிறைய, 8.5 பட்டை அவற்றின் 8.6க்குள் மூழ்கிவிடும், 17.4 கலப்படமாகவே கிடைக்கும், 17.03இல் ஹைட்ரஜன் மூலக்கூறும் வந்து நிற்கும். இரண்டாவது படியின் பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள். பழையதைத் திருத்த வேண்டாம்.